விளக்கெண்ணெய் கொடுத்திருந்தால் இறங்கியிருக்குமா?

தம்பி, இதைப் படிக்கப்போகும் மற்றவர்களுக்காக உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் அப்பாவுக்கு 71 வயது. பல் செட் வைத்திருக்கிறார். 1986இல் அல்சருக்காக வயிற்றில் ஆபரேஷன் செய்துகொண்டவர். பொங்கல் முடிந்த வாரத்தில் ஆசைப்பட்டு ஏழெட்டுப் பனங்கிழங்கு சாப்பிட்டிருக்கிறார். மூன்றாம் நாள் தொப்புளைச் சுற்றி முறுக்கி முறுக்கி வலித்தது, பிறகு வாந்தி. மலச்சிக்கல் என்று எண்ணி விளக்கெண்ணெய் கொடுத்தீர்கள். அதையும் வாந்தி எடுத்துவிட்டார். சாயங்காலம் எனிமா கொடுத்ததில் கொஞ்சம் மலம் வந்தது. சரியாகிவிட்டது என்று எல்லோரும் தூங்கப் போனீர்கள். விடிந்தபோது வயிறு பானை போல உப்பியிருந்தது. மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்து, சிறுகுடலில் நார் உருண்டை அடைத்திருக்கிறது என்று சொல்லி, அன்றே வயிற்றைத் திறந்து எடுத்தார்கள். இப்போது வீட்டில் தேறிவருகிறார். ஆனால் பார்க்க வருகிற உறவினர்கள், "இன்னொரு வேளை விளக்கெண்ணெயும் ரெண்டு எனிமாவும் கொடுத்திருந்தா தானா இறங்கியிருக்கும்" என்கிறார்கள். ஆபரேஷன் தேவைதானா, விளக்கெண்ணெய் கொடுத்தது தவறா, பயந்துபோன அம்மா இப்போது தினமும் இசப்கோல் சாப்பிடுகிறாரே அது சரியா என்று மூன்று கேட்டிருக்கிறீர்கள்.

தென் மாவட்ட அரசு மருத்துவமனைகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அறுவை சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்தவன் நான். முதல் கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன். ஆபரேஷன் தேவைதான். இறங்கியிருக்காது. நீங்கள் இன்னும் ஒரு நாள் காத்திருந்தால் இந்தக் கேள்வியை வேறு விதமாகக் கேட்டிருப்பீர்கள்.

ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், நம் வீடுகளில் மலச்சிக்கல் என்ற ஒரே சொல் இரண்டு வெவ்வேறு சங்கதிகளுக்கு வழங்குகிறது. ஒன்று, வழி திறந்திருக்கிறது, வண்டி மெதுவாகப் போகிறது. மலம் இறுகி, நாள் தள்ளிப்போய், முக்கி முனகிக் கழிவது. இன்னொன்று, வழியே அடைபட்டுப் போவது. முதலாவதற்குப் பேதி மருந்து கொடுக்கலாம். இரண்டாவதற்கு அதே பேதி மருந்து விஷம். அடைபட்ட குழாய்க்கு மேலே மோட்டாரை இன்னும் வேகமாக ஓடவிடுவது போலத்தான் அது.

விளக்கெண்ணெயில் உள்ள ரிசினோலிக் அமிலம் குடல் தசையைச் சுருங்கவைக்கிறது. அந்தச் சுருக்கம்தான் பேதியாக வெளிப்படுகிறது. போகிற வழி இருந்தால் அந்த வேகம் மலத்தைத் தள்ளும். வழி இல்லாவிட்டால் குடல் அந்த அடைப்பின் மேலேயே மோதி மோதிச் சுருங்கும். வலி கூடும், வாந்தி கூடும், உடம்பிலிருந்து நீர் இன்னும் வெளியேறும். உங்கள் அப்பா வாந்தி எடுத்ததில் அந்த எண்ணெயில் பெரும்பகுதி வெளியே வந்துவிட்டது. அதனால் பெரிய கெடுதல் நடக்கவில்லை. நீங்கள் செய்தது, அந்த ஊரில் எந்த மகனும் செய்திருக்கக்கூடியது. அதை மனத்தில் சுமக்க வேண்டாம். ஆனால் தெரிந்துகொள்ள வேண்டும்.

எனிமா விஷயம் இன்னும் முக்கியம், ஏனென்றால் உங்களை ஏமாற்றியது அதுதான். எனிமா திரவம் பெருங்குடலுக்குள் மட்டுமே போகும். பெருங்குடல் சுமார் ஒன்றரை மீட்டர். அதற்கும் சிறுகுடலுக்கும் நடுவில் ஒரு தடுக்கிதழ் இருக்கிறது, பின்னோக்கி எதையும் விடாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. உங்கள் அப்பாவுக்கு அடைப்பு இருந்தது அந்த இதழுக்கும் மேலே, சிறுகுடலின் கடைசிப் பகுதியில். டிஸ்சார்ஜ் சீட்டில் இதழிலிருந்து இரண்டு அடி மேலே என்று குறித்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நார் உருண்டைகள் வழக்கமாக மாட்டிக்கொள்கிற இடமே அதுதான். ஆறு மீட்டர் நீளச் சிறுகுடல் போகப் போகக் குறுகி, அங்கேதான் மிகவும் ஒடுங்குகிறது. கீழேயிருந்து எத்தனை எனிமா கொடுத்தாலும் அந்த இடத்தைத் தொடாது. அப்படியானால் வந்த மலம்? அடைப்புக்குக் கீழே ஏற்கெனவே பெருங்குடலில் தங்கியிருந்தது. அடைப்பு விழுந்த முதல் நாளில் இப்படி ஒரு தடவை, இரண்டு தடவை மலம் வருவது சாதாரணம். அதைக் கண்டு "கழிந்துவிட்டது" என்று நிம்மதியடைந்து ஓர் இரவை இழந்த குடும்பங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அதனால் வீட்டில் கேட்க வேண்டியது "மலம் வந்ததா" என்பதைவிட "வாயு பிரிகிறதா" என்பதுதான். வாயு தாராளமாகப் பிரிகிறது, வயிறு மெத்தென்று இருக்கிறது, வாந்தி இல்லை என்றால் அவசரம் இல்லை. விட்டுவிட்டு வருகிற முறுக்கு வலி, வாந்தி, வயிறு உப்புவது, வாயுவும் பிரியாமல் நிற்பது ஆகிய இந்த நான்கில் இரண்டு சேர்ந்தாலே வாய்வழியாக எதையும் கொடுக்காமல் கிளம்ப வேண்டும். சுக்குக் கஷாயம் வேண்டாம், ஓமத் தண்ணீர் வேண்டாம், வலி மாத்திரை வேண்டாம், விளக்கெண்ணெய் வேண்டவே வேண்டாம். வாந்தி முதலில் சோறாக, பிறகு மஞ்சள் பச்சையாக, கடைசியில் மலத்தின் நாற்றத்தோடு வந்தால் நேரம் கடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். விட்டுவிட்டு வந்த வலி நிற்காத வலியாக மாறி, காய்ச்சலும் படபடப்பும் சேர்ந்தால், குடலுக்கு ரத்தம் போவது தடைபட்டிருக்கலாம். அந்தக் கட்டத்தில் மணிக்கணக்குதான் பேச்சு.

இங்கே அடிவயிற்றையும் தொடை இடுக்கையும் ஒருமுறை பார்க்கும்படி சொல்லாமல் போனால் என் ஆசிரியர்கள் மன்னிக்க மாட்டார்கள். குடல் இறக்கம் மாட்டிக்கொண்டு அடைப்பு வந்த வயதான பெண்கள், வெட்கத்தால் அந்தக் கட்டியைச் சொல்லாமலேயே மூன்று நாள் பேதி மருந்து குடித்துவிட்டு வந்திருக்கிறார்கள்.

சரி, அடைபட்ட குடலுக்குள் என்ன நடக்கிறது? நாம் குடிப்பது சாப்பிடுவது எல்லாம் சேர்த்து நாளுக்கு இரண்டு லிட்டர் நீர்தான். ஆனால் உமிழ்நீர், இரைப்பை நீர், பித்தம், கணைய நீர் என்று உடம்பே இன்னும் ஆறேழு லிட்டரைக் குடலுக்குள் ஊற்றுகிறது. வழி திறந்திருக்கும்போது அதில் பெரும்பகுதியைச் சிறுகுடல் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது; நமக்குத் தெரிவதே இல்லை. வழி அடைபட்டால் அத்தனையும் தேங்குகிறது. விழுங்கிய காற்றும் சேர்கிறது. குடல் உப்ப உப்ப அதன் சுவரில் ரத்த ஓட்டம் நசுங்கி, முற்றினால் அழுகி ஓட்டை விழுகிறது. அதற்கு முன்பே, நீரும் உப்பும் பொட்டாசியமும் வற்றிச் சிறுநீரகம் திணறத் தொடங்கிவிடும். பாட்டன் காலத்தில் குடல் அடைப்பு வந்தவர்களில் பலர் பிழைக்கவில்லை. 1930களில் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஓவன் வாங்கன்ஸ்டீன் என்ற அறுவை மருத்துவர், மூக்கு வழியாக ஒரு டியூபைச் செலுத்தித் தேங்கியதை உறிஞ்சி எடுக்கும் முறையைக் கொண்டுவந்த பிறகுதான் மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. உங்கள் அப்பா மிகவும் வெறுத்தார் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த மூக்கு டியூப், அதேதான். கையில் ஏறிய டிரிப்பும் மூக்கில் இறங்கிய டியூபும்தான் ஆபரேஷனைத் தாங்குகிற உடம்பாக அவரை மீட்டுக்கொடுத்தன.

எல்லா அடைப்புக்கும் உடனே கத்தி வைப்பதில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். "குடல் அடைப்பின் மேல் சூரியன் உதித்து மறையக் கூடாது" என்று அறுவை மருத்துவர்கள் மத்தியில் ஒரு பழைய வாக்கு உண்டு. இன்று அதை அப்படியே பின்பற்றுவதில்லை. பழைய ஆபரேஷனின் தழும்பு உள்ளே ஒட்டிக்கொண்டு குடலை மடக்கிவிடுவதால் வருகிற அடைப்பு மிகவும் பரவலானது. அழுகல் அறிகுறி இல்லாவிட்டால் டியூபும் டிரிப்பும் போட்டு இரண்டு மூன்று நாள் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தால் பலருக்குத் தானே திறந்துகொள்ளும். எக்ஸ்ரேயில் தெரிகிற ஒரு மருந்தை டியூப் வழியாகக் கொடுத்து, 24 மணி நேரத்துக்குள் அது பெருங்குடலை எட்டுகிறதா என்று பார்ப்பார்கள். எட்டினால் பெரும்பாலும் கத்தி தேவைப்படாது. உங்கள் உறவினர் யாருக்காவது அப்படிச் சரியாகியிருக்கலாம், அந்த அனுபவத்தில்தான் அவர்கள் பேசுகிறார்கள் என்று நினைக்கிறேன். உங்கள் அப்பாவுக்கும் 1986இன் தழும்பு இருந்ததால் மருத்துவர்கள் முதலில் அதைத்தான் சந்தேகித்திருப்பார்கள். ஸ்கேனில்தான் விஷயம் தெரிந்திருக்கும். உப்பிய குடலின் முடிவில், உள்ளே காற்றுப் புள்ளிகள் பொதிந்த ஒரு கட்டி, அதற்குக் கீழே சுருங்கிப்போன வெறுங்குடல். கெட்டியாக மாட்டிய நார் உருண்டை அப்படித்தான் காட்சி தரும். தழும்பு மடக்கு தளரலாம். நார் உருண்டை தளர்வது அரிது.

இனி அந்த உருண்டை எப்படி உருவானது என்பதற்கு வருகிறேன். பனங்கிழங்கை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடாதீர்கள். உடன்குடிப் பக்கம் வளர்ந்த எனக்கு அது மனம் கேட்காது. மஞ்சளும் உப்பும் போட்டு அவித்த கிழங்கைப் பக்குவமாக நார் உரித்து, நடு நரம்பை எடுத்துவிட்டு, நன்றாக மென்று தின்று நூறு வயது வாழ்ந்தவர்கள் எங்கள் ஊரில் உண்டு. அப்பாவின் விஷயத்தில் மூன்று காரணங்கள் சேர்ந்துவிட்டன.

ஒன்று பல். பல் செட்டால் நாரை அறுக்க முடியாது, நசுக்கத்தான் முடியும். பொருத்தம் தளர்ந்த செட் என்றால் அதுவும் இல்லை. நீள நீளமான நார் அப்படியே உள்ளே போகிறது.

இரண்டாவதுதான் பெரிது: அந்த 1986 ஆபரேஷன். இன்றைய இளைஞர்களுக்கு இது தெரிந்திருக்காது. அறுபது, எழுபது, எண்பதுகளில் தென்னிந்தியாவில் சிறுகுடல் முனைப் புண் வீட்டுக்கு ஒருவருக்கு இருந்தது என்று சொல்லும் அளவுக்குப் பரவலாக இருந்தது. அதற்கு வழக்கமாகச் செய்த ஆபரேஷன், அமிலம் சுரக்கத் தூண்டுகிற நரம்பை வெட்டிவிட்டு, இரைப்பையைச் சிறுகுடலோடு நேராக இணைத்து ஒரு புது வாசல் வைப்பது. நானே பயிற்சிக் காலத்தில் எத்தனையோ முறை உதவிக்கு நின்றிருக்கிறேன். 1982இல் ஆஸ்திரேலியாவில் பாரி மார்ஷலும் ராபின் வாரனும், புண்ணுக்குப் பெரும்பாலும் காரணம் ஒரு கிருமி என்று கண்டுபிடித்தார்கள். 2005இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. இரண்டு வார மாத்திரையில் புண் ஆறத் தொடங்கியதும் அந்த ஆபரேஷனே ஏறக்குறைய வழக்கொழிந்தது. ஆனால் அதைச் செய்துகொண்டவர்கள் நம்மிடையே எழுபது, எண்பது வயதில் இன்னும் நடமாடுகிறார்கள். இரைப்பையின் இயற்கையான வாசல் ஒரு சல்லடை மாதிரி. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு அரைபடாத திட உணவை எளிதில் வெளியே விடாது. புது வாசலுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. அமிலமும் குறைவு, இரைப்பையின் அரைக்கும் ஆற்றலும் குறைவு. சரியாக மெல்லப்படாத நார் இரைப்பையில் திரண்டு, பின் திறந்த வாசல் வழியே சிறுகுடலுக்குள் நழுவிவிடுகிறது.

மூன்றாவது, அளவு. ஒரே நாளில் ஏழெட்டு.

இதே சேர்க்கை வேறு உணவுகளிலும் வரும். ஆரஞ்சுச் சுளையைத் தோலோடு விழுங்குவது, முருங்கைக்காய்ச் சக்கை, வாழைத்தண்டு நார், காய்ந்த கொப்பரை, பலாச்சுளையின் சடை, உள்ளே போய் ஊறிப் பெருக்கிற உலர்ந்த அத்தி. கொய்யா விதையும் சப்பாத்திக்கள்ளிப் பழத்தின் விதையும் இன்னொரு வகை. இவை பெரும்பாலும் சிறுகுடலைத் தாண்டிவிடும், ஆனால் கீழே மலக்குடலில் சிமெண்ட் போல இறுகி உட்கார்ந்துகொள்ளும். குளிர் நாடுகளிலும், நம் குன்னூர், கொடைக்கானல் பக்கமும் விளைகிற பெர்சிமன் பழத்தில் உள்ள துவர்ப்பு, இரைப்பை அமிலத்தோடு சேர்ந்து கல் போன்ற உருண்டையாகிறது. கொரியாவிலும் ஜப்பானிலும் அது மருத்துவர்களுக்கு நன்கு பழக்கமான சங்கதி.

இந்த இடத்தில் உங்களிடம் யாராவது கோலா பானத்தைப் பற்றிச் சொல்லக்கூடும். அதில் உண்மை இருக்கிறது. இரைப்பைக்குள் தங்கியிருக்கும் நார் உருண்டையைக் கோலா கொடுத்துக் கரைப்பது 2002 முதல் மருத்துவ இதழ்களில் பதிவாகி வருகிறது. 2013இல் அந்த அனுபவங்களைத் தொகுத்துப் பார்த்தபோது, கோலா மட்டும் கொடுத்ததில் பாதிப் பேருக்குக் கரைந்தது. எண்டோஸ்கோப்பியும் சேர்ந்தபோது பத்தில் ஒன்பது பேருக்கு மேல் சரியானது. ஆனால் இது இரைப்பையோடு நிற்கிற வைத்தியம், மருத்துவமனையில் செய்ய வேண்டியது. பாதி கரைந்த துண்டு நழுவிச் சிறுகுடலில் போய் மாட்டிக்கொள்வதும் உண்டு. சிறுகுடல் ஏற்கெனவே அடைபட்டவருக்குக் கோலா கொடுப்பது உப்பிய பலூனில் இன்னும் காற்று ஊதுவதுதான்.

உள்ளே என்ன செய்தார்கள் என்று அப்பா கேட்கிறார் என்றீர்கள். உருண்டை கொஞ்சம் இளகியிருந்தால் குடலைத் திறக்காமலேயே வெளியிலிருந்து விரலால் நசுக்கி, பால் கறப்பது போல மெல்ல மெல்ல உருவிப் பெருங்குடலுக்குள் தள்ளிவிடுவோம். அங்கே போய்விட்டால் அது மலத்தோடு போகும். இறுகிப்போயிருந்தால் குடலில் ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் கீறி எடுத்துவிட்டுத் தைப்போம். உங்கள் அப்பாவுக்குச் செய்தது இரண்டாவது. குடல் அழுகவில்லை, வெட்டி எடுக்கவில்லை என்று சீட்டில் இருக்கிறதல்லவா, அதுதான் நீங்கள் அன்று காலையில் கிளம்பியதன் பலன். மூடுவதற்கு முன் இரைப்பையையும் மீதிக் குடலையும் கையால் தடவிப் பார்ப்பார்கள். இரண்டாவது உருண்டை ஒளிந்திருந்தால் ஒரு வாரத்தில் மறுபடி அடைக்கும்.

சாப்பாடு. தையல் ஆறுகிற நான்கிலிருந்து ஆறு வாரம் வரை, அவருடைய மருத்துவர் வேறு சொல்லாவிட்டால், நார் குறைந்த உணவு போதும்: இட்லி, குழைந்த சாதம், மோர், நன்றாக வெந்த பாசிப்பருப்பு, முட்டை, முள் இல்லாத மீன், தோலும் விதையும் எடுத்து வேகவைத்த சுரைக்காய், பூசணி. சிறிது சிறிதாக, நாளுக்கு ஐந்தாறு வேளையாகச் சாப்பிடட்டும். பிறகு காய்கறியைக் கூட்டலாம்; நாரே வேண்டாம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. அவருக்கு ஆகாதது நீளமான, மசியாத நார். அதனால் பனங்கிழங்கை அப்படியே கடித்துத் தின்பது இனி இல்லை. மனம் கேட்காவிட்டால் கிழங்கைக் காயவைத்து மாவாக்கிச் சலித்து, நார் போக்கிய மாவில் கூழோ புட்டோ செய்து கொடுக்கலாம். யாழ்ப்பாணத்தில் ஒடியல் மாவு என்று காலங்காலமாகச் செய்வதுதான் அது. கொஞ்சமாக, அதுவும் ஆறு மாதம் கழித்து. ஆரஞ்சைத் தோலுரித்த சுளையாக அல்லது சாறாக. முருங்கைக்காயில் உள்சதையை மட்டும் வழித்து, சக்கையைத் துப்பிவிட வேண்டும். பல் செட்டை இந்த மாதமே சரிபாருங்கள். இன்னொரு அடைப்பைத் தடுப்பதில் எந்த மருந்தையும்விட அதற்குப் பங்கு அதிகம். இன்னொன்றும் கேளுங்கள்: பழைய அல்சர் ஆபரேஷன் செய்தவர்களுக்கு இரும்புச்சத்தும் பி12 சத்தும் காலப்போக்கில் குறையும். அவர் வெளிறியிருக்கிறார், நடந்தால் மூச்சு வாங்குகிறது என்கிறீர்கள். எல்லாவற்றையும் ஆபரேஷன் களைப்பின் மேல் போடாமல் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள்.

இப்போது அம்மா. உண்மையில் உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்தியது அவர்தான். வயது 66. மூட்டு வலிக்கு டிரமடால் கலந்த மாத்திரை, ரத்தசோகைக்கு இரும்பு மாத்திரை. நான்கைந்து நாளுக்கு ஒருமுறை கல் போல மலம். ராத்திரி படுக்கும்போது இரண்டு கரண்டி இசப்கோலை அரை டம்ளர் தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டுப் படுக்கிறார்.

இதில் பல இடத்தில் பிழை இருக்கிறது. இசப்கோல் நல்ல பொருள்தான், ஆனால் அதன் வேலையே தண்ணீரைப் பல மடங்கு உறிஞ்சி ஊதிக்கொள்வது. தண்ணீர் போதாவிட்டால் வயிற்றுக்குள் பசையாகி, களிமண்ணாகி நிற்கும். ஒரு முழு டம்ளர், அதாவது சுமார் 240 மில்லி தண்ணீரில் கலந்து, ஊதிப் பெருக்கும் முன்பே குடித்து, மேலே இன்னொரு டம்ளர் குடிக்க வேண்டும். படுக்கைக்குப் போகும்போது கூடாது. 1990ஐ ஒட்டி அமெரிக்காவில் எடை குறைக்க ஒரு மாத்திரை விற்றார்கள். அதில் இருந்தது கொத்தவரை விதைப் பிசின், நம் வீட்டுக் கொத்தவரங்காய்தான். விழுங்கியவர்கள் சிலருக்கு உணவுக்குழாயிலும் குடலிலும் அது ஊதி அடைத்துக்கொண்டது. அந்நாட்டு அரசு அதை நிறுத்தவேண்டி வந்தது. இயற்கைப் பொருள் என்பதால் பயமில்லை என்று நினைக்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

அதைவிட, அம்மாவுடைய மலச்சிக்கலுக்கு இசப்கோல் சரியான மருந்தே இல்லை. டிரமடால் போன்ற வலி மாத்திரைகள் குடலின் அசைவையே மந்தமாக்குகின்றன. அசையாத குடலில் பருமனைக் கூட்டினால் மூட்டை பெரிதாகுமே தவிர நகராது. முதலில் அந்த மாத்திரை தேவைதானா என்று மருத்துவரிடம் கேளுங்கள். வேறு வலி மருந்து இருக்கலாம். இரும்பு மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுக்கலாமா என்றும் கேளுங்கள். மலத்தை இளக்குவதற்கு, நீரைக் குடலிலேயே பிடித்துவைக்கிற பாலிஎத்திலின் கிளைக்கால் தூள் அல்லது லாக்டுலோஸ் டானிக் பொருந்தும். குடலை அசைக்க நிலாவாரை இலை மருந்து. உலகம் முழுவதும் டின்னவெல்லி சென்னா என்று திருநெல்வேலியின் பேரால் வழங்குகிற அதே செடிதான். இரவில் எடுத்தால் காலையில் வேலை செய்யும். வலி மாத்திரையால் வருகிற மலச்சிக்கலுக்கு இது ஏற்றது. எந்த அளவு, எத்தனை நாள் என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

ஆனால் இவை எதையும் தொடங்கும் முன் ஒன்று நடக்க வேண்டும். மருத்துவரோ நர்ஸோ கையுறை போட்ட விரலால் அம்மாவின் மலக்குடலைப் பார்க்க வேண்டும். இதைத் தவிர்ப்பதால் வருகிற துன்பத்தை நான் நேரில் கண்டிருக்கிறேன். பல வருடம் முன்பு ஒரு பாட்டியைப் "பத்து நாளாகப் பேதி" என்று அழைத்து வந்தார்கள். சேலையெல்லாம் நனைந்திருந்தது. பேதியை நிறுத்துகிற மாத்திரை மூன்று இடத்தில் கொடுத்திருந்தார்கள். விரல் வைத்துப் பார்த்தால் மலக்குடல் முழுக்கத் தேங்காய் அளவுக்கு இறுகிய மலம். அதன் ஓரமாக மேலேயிருந்து கசிகிற நீர்தான் அந்தப் "பேதி". நிறுத்தக் கொடுத்த மாத்திரை ஒவ்வொன்றும் அடைப்பை இன்னும் இறுக்கியிருக்கிறது. அந்த மலத்தைச் சிறிது சிறிதாக உடைத்துக் கையால் எடுத்தோம், நடுவில் எண்ணெய் எனிமா கொடுத்து ஊறவைத்து, மறுநாளும் எடுத்தோம். கூச்சத்தில் அந்தப் பாட்டி முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு அழுதுகொண்டே இருந்தார். எங்கள் பிரிவின் மூத்த நர்ஸ் அவர் தலையைத் தன் மடியோடு அணைத்துக்கொண்டு, "ஒண்ணுமில்லம்மா, எல்லாருக்கும் உள்ளதுதான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மருந்தைவிட அந்தச் சொல்லுக்காகவே அவர் மறுநாள் ஒத்துழைத்தார் என்று இன்றும் நம்புகிறேன்.

மலக்குடலில் இப்படி இறுகியிருந்தால் கீழேயிருந்துதான் முதலில் வழி திறக்க வேண்டும். கிளிசரின் குச்சி, எனிமா, தேவைப்பட்டால் விரல். அதன் பிறகு மேலிருந்து பாலிஎத்திலின் கிளைக்கால் தூளை, வழக்கத்தைவிடப் பல மடங்கு அளவில், ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து ஆறு மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கவைத்து, அதிகபட்சம் மூன்று நாள் கொடுக்கும் முறை உண்டு. இது மருத்துவர் மேற்பார்வையில் மட்டும், அதுவும் குடல் அடைப்பு இல்லை என்று உறுதியான பிறகு மட்டும். கடையில் கிடைக்கிற பாஸ்பேட் எனிமாவை வயதானவர்களுக்கும் சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கும் கேட்காமல் கொடுக்காதீர்கள். 24 மணி நேரத்தில் இரண்டாவது முறை யாருக்குமே கூடாது. ரத்தத்தில் உப்புகளின் அளவு தாறுமாறாகி உயிருக்கே ஆபத்தாகலாம். படுத்த படுக்கையாக இருப்பவருக்கு லிக்விட் பாரஃபின் கலந்த டானிக்கும் வேண்டாம். அது மூச்சுக்குழாயில் இறங்கினால் நுரையீரல் புண்ணாகும்.

அம்மாவுக்கு இந்தத் தொல்லை எப்போது ஆரம்பித்தது என்பதையும் நினைவுபடுத்திக் கேளுங்கள். வலி மாத்திரை தொடங்கியதோடு ஆரம்பித்திருந்தால் காரணம் தெளிவு. இரும்பு மாத்திரை எதற்காகக் கொடுத்தார்கள்? 66 வயதில் காரணம் தெரியாத ரத்தசோகையும் புதிதாக வந்த மலச்சிக்கலும் சேர்ந்தால், பெருங்குடலில் கட்டி இருக்கிறதா என்று கொலனோஸ்கோப்பி செய்து பார்க்காமல் விடக் கூடாது. மலத்தில் ரத்தம், எடை குறைவு, மலம் ரிப்பன் போல மெலிந்து போவது இருந்தால் இன்னும் சீக்கிரம். தைராய்டு, சர்க்கரை, கால்சியம் மூன்றையும் அதே ரத்தத்தில் பார்த்துவிடலாம்.

வீட்டில் செய்யக்கூடியது, காலையில் காப்பி குடித்த அரை மணி நேரத்துக்குள் கழிவறைக்குப் போய் உட்காரச் சொல்வது. உணவும் சூடான பானமும் உள்ளே போனதும் பெருங்குடல் தானாக ஒருமுறை அசையும். அந்த நேரத்தைத் தவறவிட்டால் அன்று முழுவதும் முக்க வேண்டிவரும். மூட்டு வலிக்காக மேல்நாட்டுக் கழிப்பறைக்கு மாறியிருப்பார். காலுக்கடியில் ஒரு சின்ன முக்காலி வைத்து முழங்காலை இடுப்புக்கு மேலே உயர்த்தினால், குந்தி உட்காரும்போது மலக்குடல் நேராவது போலவே நேராகும். வெளியே போனால் கழிவறை கிடைக்காது என்று பகலில் தண்ணீர் குடிக்காமல் இருக்கிற பழக்கம் அவருக்கு இருக்கிறதா என்றும் பாருங்கள். நம் வீட்டுப் பெண்களில் நிறையப் பேருக்கு உண்டு, கேட்டால் இல்லை என்பார்கள்.

இசப்கோலை இன்றிரவே நிறுத்திவிடுங்கள். இந்த வாரத்துக்குள் அம்மாவைக் காட்டுங்கள். வாந்தியோ உப்புசமோ வந்தால் காத்திராமல் 108ஐ அழையுங்கள். அப்பாவின் டிஸ்சார்ஜ் சீட்டை ஒரு நகல் எடுத்து, அதன் மேலே பெரிய எழுத்தில் "1986 அல்சர் ஆபரேஷன்" என்று எழுதி அவருடைய மாத்திரைப் பெட்டியில் வைத்துவிடுங்கள். அடுத்து எந்த ஊரில் எந்த மருத்துவர் அவர் வயிற்றைத் தொட்டாலும், முதலில் அந்த வரியைப் படிக்க வேண்டும்.